பாடசாலை உணவு: இரு கரைகளின் வரலாறு

மாணாக்கர்க்கு உணவளித்துக் கல்வி புகட்டும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலையின் கையில் அமுதசுரபியை ஈந்த காப்பியம் பசிப்பிணி தீர்த்தலை அறங்களுள் தலையாயதாகப் போற்றிற்று. காப்பியத்தை விடுத்துச் சாசனங்களை நோக்கினும் சான்றுகள் உள. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, ஆங்கு நடைபெற்ற கல்லூரியில் 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் இருந்தமையைக் கூறுவதோடு, மாணாக்கர்க்கு நாடோறும் அளந்து கொடுக்கவேண்டிய நெல்லின் அளவையும் வகுத்துரைக்கின்றது. இளமாணாக்கர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டோ கல்விச்சாலை, மாணாக்கர் விடுதி, மருத்துவச்சாலை ஆகிய மூன்றையும் ஒரு கோயிலின் ஆதரவிலே வைத்துப் பேசுகின்றது. வயிற்றையும் நூலையும் பிரித்துப் பார்க்காத பேரறிவு அக்காலத்தே இருந்தது என நாம் பெருமையுறுதல் பொருந்தும்.

ஆயின், பெருமையோடு நின்றுவிடுதல் வரலாறு கற்போர்க்கு அழகன்று. எண்ணாயிரத்தில் நெல் பெற்றோர் வேதமும் வியாகரணமும் மீமாஞ்சையும் பயின்றோர். அந்நெல்லை உழுது விளைவித்தவனின் மகன் அக்கல்லூரியின் வாயிலைக் கடந்தானல்லன். உணவு இருந்தது; கல்வி இருந்தது; இரண்டும் சிலர்க்கே இருந்தன. எனவே பாடசாலை உணவின் வரலாற்றில் ஆராயத்தக்கது, உணவு எப்போது தொடங்கிற்று என்பதைக் காட்டிலும், அது யாவர்க்கும் உரியதாய் எப்போது ஆயிற்று என்பதே. இக்கட்டுரை அவ்வொன்றையே கருத்தாகக் கொண்டு செல்வது.

நம் நாட்டிலே இவ்வறத்தின் முன்னோடியாக ஆறுமுக நாவலரை நினைத்தல் வேண்டும். வண்ணார்பண்ணையில் 1848 இல் அவர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை, வீடுதோறும் எடுத்து வைக்கப்பட்ட பிடியரிசியின் துணைகொண்டு நடந்தது. 1876-77 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அவர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பல உயிர்களைக் காத்தார். பிடியரிசியாற் பாடசாலையும் கஞ்சியால் உயிரும் காத்த அப்பெருமகனார் காலத்தில், அவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொணரும் கடமை அரசாங்கத்துக்கு உண்டு என்ற எண்ணம் உலகில் எந்நாட்டிலும் வேரூன்றியிருக்கவில்லை.

அவ்வெண்ணம் வேரூன்றியதற்கு அறவுணர்ச்சி மாத்திரம் காரணமன்று. இங்கிலாந்தில் 1906 இல் பாடசாலை உணவுச் சட்டம் நிறைவேறியதற்குத் தென்னாபிரிக்கப் போருக்கு ஆட்சேர்க்கச் சென்றபோது, உடல் நலிந்த இளைஞர் பெருந்தொகையினராய்த் தள்ளப்பட்டமையும் ஒரு காரணம். அச்சட்டமும் உள்ளூராட்சி மன்றங்கள் விரும்பினால் உணவு வழங்கலாம் என்று இசைவளித்ததேயன்றி, வழங்குக எனக் கட்டளையிடவில்லை. அக்கட்டளை 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தோடுதான் வந்தது. பின்லாந்து தேசமோ 1943 இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, பாடசாலைப் பிள்ளைகள் அனைவர்க்கும் விலையின்றி உணவளித்தல் வேண்டும் எனச் சட்டஞ்செய்து 1948 இல் அதனை முற்றாக நடைமுறைப்படுத்திற்று. ஏழைப்பிள்ளை, செல்வர்பிள்ளை என்று அச்சட்டம் பிரிக்கவில்லை என்பது கருதத்தக்கது.

தமிழ்நாட்டில் முதன்முதல் இதனைச் செய்தது சென்னை நகராட்சி. 1920 செப்டெம்பர் மாதத்தில், சேர் பிட்டி தியாகராய செட்டியார் தலைவராயிருந்த காலத்தில், ஆயிரம்விளக்குப் பகுதியிலிருந்த நகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானமாயிற்று. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது வரையறை. பின்னர் இது வேறு நான்கு பள்ளிகளுக்கும் விரிந்தது. பயன் உடனே தெரிந்தது. 1922-23 இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924-25 இல் 1,671 ஆக உயர்ந்தது. ஆயினும், ஆரம்பக்கல்வி நிதியை உணவுக்குச் செலவிடல் ஆகாதென ஆங்கில அரசாங்கம் தடுத்தமையால் 1925 ஏப்பிரிலில் திட்டம் நின்றது. உணவு கல்வியின் பகுதியா, அன்றிக் கல்விக்குப் புறம்பானதொரு தருமமா என்னும் வழக்கு அன்று ஒரு கணக்குப் புத்தகத்தின்மேல் நடந்தது. அதே வழக்கு வேறு வேறு உருவில் இன்றளவும் நடந்து வருகின்றது.

இனி ஈழத்துக்கு வருவோம். டொனமூர் அரசியலமைப்பின்கீழ் 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாயிருந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அக்காலத்தில் இந்நாட்டுப் பாடசாலைகள் இரு சாதியாயிருந்தன. ஆங்கிலப் பாடசாலையில் கட்டணம். தாய்மொழிப் பாடசாலையில் கட்டணமில்லை. உத்தியோகத்துக்குச் செல்லும் வழி முன்னதில். வயலுக்குத் திரும்பும் வழி பின்னதில். 1934-35 இல் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்து சென்றது. கிராமத்துப் பிள்ளைகளின் எலும்புந்தோலுமான நிலையைக் கொழும்பிலிருந்தோர் கண்ணாரக் காணச் செய்தது அந்நோயே. அப்பத்தாண்டுகளில் வறிய கிராமங்களின் தாய்மொழிப் பாடசாலைகளில் மதிய உணவு வழங்கும் முறை பரவிற்று. உணவு மிக எளியதே. எனினும், வீட்டில் உலை ஏறாத நாளிலும் பாடசாலை செல்லப் பிள்ளைக்கு ஒரு காரணம் கிடைத்தது.

1943 இல் கன்னங்கரா குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இதனைப் பாராட்டுவோர் பலர் கட்டணம் நீங்கியதையே பேசுவர். கட்டணம் நீங்கியமட்டில் ஏழைப்பிள்ளை கற்றுவிடான் என்பதைக் கன்னங்கரா அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று, அவர் கிராமங்களில் நிறுவிய 54 மத்திய கல்லூரிகளும், அவற்றோடு இணைந்த விடுதிகளும், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பெற்றோர்க்கு அவ்விடுதிகளில் வழங்கப்பெற்ற உண்டியும் உறையுளும் ஆம். வந்தாறுமூலை மத்திய கல்லூரி அவ்வரிசையில் எழுந்தது.

மட்டக்களப்பின் நிலத்தை அறிந்தோர்க்கு அவ்விடுதியின் அருமை விளங்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. மாரியில் வெள்ளம் பெருகினால் வழிகள் அடைபடும். மார்கழி, தை மாதங்களில் பழைய நெல் தீர்ந்து, புதிய சூடு களவெட்டிக்கு வராத நாட்கள், போடியாரின் வளவில் அன்றிப் பிற வளவுகளில் அடுப்பு அடிக்கடி அவிந்திருக்கும் நாட்கள். நெல் விளையும் நாட்டிலே நெல் விளைவிப்போன் பிள்ளை பசித்திருத்தல் எண்ணாயிரத்தோடு முடிந்த கதையன்று. அத்தகைய பிள்ளைகள் சிலர் வந்தாறுமூலை விடுதியில் வேளைதோறும் உண்டு, ஆங்கிலமும் விஞ்ஞானமும் பயின்று, ஆசிரியராயும் வைத்தியராயும் பொறியியலாளராயும் வெளிப்போந்தனர். கல்லடி உப்போடையில் 1929 இல் சுவாமி விபுலானந்தர் தொடங்கிய சிவானந்த வித்தியாலயமும் அதனைச் சார்ந்த மாணவர் இல்லமும் இதற்கு முன்பே இவ்வழியைக் காட்டியிருந்தன. வந்தாறுமூலைக் கல்லூரியின் வளாகத்தில் 1981 ஓகஸ்ட் முதலாந் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986 ஒக்டோபரில் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஒரு பல்கலைக்கழகத்தின் வேர் ஒரு விடுதிச் சமையலறைவரை செல்கின்றது என்று கூறின் அது மிகையாகாது. ஆயினும் அவ்விடுதி பரீட்சையில் தேறிய சிலர்க்கே உரியதாயிருந்தது. தேறாதோர்க்கு எஞ்சியது கிராமப் பாடசாலையின் மதிய உணவே.

அம்மதிய உணவு 1953 இல் நிறுத்தப்பட்டது. அது நிகழ்ந்தவாறு சற்று விரித்துரைக்கத் தக்கது. கொரிய யுத்தத்தினால் உயர்ந்த இரப்பர் விலை பின்பு வீழ்ந்தது. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறிற்று. நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி சுருங்கிற்று. ஒரு கொத்து அரிசியை 25 சதத்துக்குத் தருவோம் என்னும் வாக்குறுதியோடு 1952 இல் வென்ற டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம், மறு ஆண்டு யூலை மாதத்தில் அவ்விலையை 70 சதமாக உயர்த்திற்று. அப்போது நிதி மந்திரியாயிருந்தவர் ஜே. ஆர். ஜயவர்த்தனா. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் ஏறின. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு ஒழிக்கப்பட்டது. 1953 ஓகஸ்ட் 12 ஆந் திகதி நாடு முழுவதற்குமாக இடதுசாரிக் கட்சிகள் அழைத்த ஹர்த்தால் நடந்தது. அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பலொன்றிற் கூடிற்று. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

ஹர்த்தாலைப் பற்றி எழுதிய நூல்கள் பலவற்றில் அரிசியின் விலை பக்கம் பக்கமாகப் பேசப்படும். பிள்ளைகளின் உணவோ ஒரு வரியிற் சொல்லப்பட்டு விடுபடும். அரிசி வாங்குவோன் வாக்காளன். மதிய உணவு உண்போனுக்கு வாக்கில்லை. பின்வந்த அரசாங்கங்கள் அரிசி விலையைக் குறைத்தமையும், சமைத்த மதிய உணவு அவ்வண்ணம் விரைந்து மீளாமையும் இதனாற்போலும். அன்றியும், உணவு பெற்ற பாடசாலைகள் வறியோர் பாடசாலைகள். சட்டசபையில் இருந்தோர், பத்திரிகையில் எழுதியோர், கந்தோரில் தீர்மானஞ் செய்தோர் ஆகியோரின் பிள்ளைகள் அப்பந்தியில் இருந்தாரல்லர். தன் பிள்ளை உண்ணாத சோற்றைக் கணக்கிலிருந்து அடித்துவிடுதல் எவர்க்கும் எளிது. அன்று நிதிநிலை நெருக்கடியானது என்பதை மறுத்தற்கில்லை. நெருக்கடி வந்தபோது எதன்மேற் கை முதலிற் சென்றது என்பதே இங்கு நாம் குறிப்பது.

இதே ஆண்டுகளில் பாக்குநீரிணையின் மறுகரையில் நிகழ்ந்ததை ஒப்பு நோக்குக. 1954 இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார் காமராசர். இளமையிலேயே பள்ளியை விட்டு நீங்கியவர். பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் துணையோடு, ஊரார் நன்கொடையினால் பகலுணவு தரும் முறை முதலிற் சில பள்ளிகளிற் பரவியது. 1956 இல் அதனை அரசாங்கம் தன் திட்டமாக ஏற்றது. செலவில் ஐந்திற் மூன்று பங்கு அரசாங்கத்தினது. எஞ்சிய இரண்டு பங்கு ஊராரது. எழுத்தறிவிலும் பொருள்நிலையிலும் அன்று இலங்கை சென்னைக்கு முன்னே நின்றது. முன்னின்ற நாடு உணவை நிறுத்திய மூன்றாம் ஆண்டில், பின்னின்ற நாடு அதனைத் தொடங்கிற்று.

காமராசர் திட்டம் குறையற்றதென்று யான் கூறேன். அதுவும் ஏழைப்பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தே வழங்கிற்று. சாதி வேற்றுமையால் ஒரே பந்தியில் இருக்க மறுத்த ஊர்களும் உண்டு. எனினும், ஊரார் தம் நெல்லைக் கொடுத்தமையால் அது தம்முடையது என்னும் எண்ணம் அவர்க்கு உண்டாயிற்று. 1982 யூலை முதலாந் திகதி எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய போது, அது பல இலட்சம் பிள்ளைகளுக்கு விரிந்தது. ஊர்தோறும் சமையற்கூடமும், அமைப்பாளர், சமையலாளர், உதவியாளர் என நிலையான பணியாளரும் உண்டாயினர். அவருட் பலர் கைம்பெண்களும் ஆதரவற்ற பெண்களும். இத்தகைய திட்டத்தைப் பின்வந்த எந்த அரசும் எளிதில் ஒழிக்கமுடியாது. முட்டை சேர்த்தது ஓர் அரசு. 2022 செப்டெம்பரில் மதுரையிற் காலைச் சிற்றுண்டியைத் தொடங்கிற்று இன்னோர் அரசு. கட்சிகள் மாறின, பானை இறங்கவில்லை. 2001 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், அரசாங்க ஆரம்பப் பள்ளிகள் அனைத்திலும் சமைத்த உணவு அளித்தல் வேண்டுமென ஆணையிட்டபோது, தமிழ்நாட்டுக்கு அது பழைய செய்தியாயிருந்தது.

ஈழத்தில் நடந்தது வேறு. 1956 இல் பதவியேற்ற பண்டாரநாயக்கா அரசாங்கத்தின் கல்வி மந்திரி டபிள்யூ. தகநாயக்கா பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பணிஸ் வழங்கினார். ‘பணிஸ் மாமா’ என்னும் பட்டப்பெயரும் பெற்றார். பிற்காலத்தில் அவர் சிறிது காலம் பிரதம மந்திரியாயிருந்ததை மறந்தோரும் பணிஸை மறந்திலர். பின்னர் வெளிநாட்டு நிறுவனங்கள் தந்த பால்மாவும் விசுக்கோத்தும் வந்தன, வந்தவாறே போயின. 1989 இல் ஆர். பிரேமதாசாவின் அரசாங்கம் மதிய உணவுத் திட்டமொன்றைத் தொடங்கியது. பள்ளியிற் சமையாது, குடும்பத்துக்கு முத்திரை வழங்கி, உணவை வீட்டிலிருந்து கொண்டுவரச் செய்தது அது. அப்போது யான் கீழ்வகுப்பு மாணவன். வாழையிலையிற் பொதிந்து வந்த சோற்றை நாங்கள் ஒன்றாயிருந்து உண்டது நினைவில் நிற்கின்றது. பொதி கொண்டுவராத சிலர் கிணற்றடிக்குச் சென்று நெடுநேரம் கைகழுவிக் கொண்டிருந்ததும் நினைவில் நிற்கின்றது. மறு ஆண்டு யுத்தம் மூண்டது. வந்தாறுமூலை வளாகம் ஆயிரக்கணக்கான ஏதிலிகளின் புகலிடமாயிற்று. முத்திரையைப் பற்றிய பேச்சு எங்கள் பகுதியில் எழவேயில்லை. தென்பகுதியிலும் அத்திட்டம் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

ஒரே பந்தியில் இருத்தல் என்பதனை நம்மவர் எளிதில் ஏற்றாரல்லர் என்பதையும் மறைத்தலாகாது. 1930 ஆம் ஆண்டளவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டுமென அரசாங்கம் பணித்தபோது, யாழ்ப்பாணத்திற் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. சம ஆசனத்துக்கே இவ்வளவாயின், சம போசனத்துக்கு என்னாயிருக்கும்! கோயிலில் அன்னதானம் வழங்கும் நாம், பந்தியை எவ்வெவ்விடத்திற் பிரித்து வைத்தோம் என்பதனை ஆராய ஒரு தனிக் கட்டுரை வேண்டும்.

தெரிந்தெடுத்து வழங்குதல் என்பது கந்தோரில் நியாயமாகவே தோன்றும். பொருள் குறைவு, ஆகவே மிக வறியோர்க்குக் கொடுப்போம் என்பது அவ்வாதம். அத்தெரிவு இறுதியில் வந்து சேர்வது ஆசிரியன் மேசைக்கு. பல ஆண்டுகளுக்கு முன் யான் பணிபுரிந்த ஒரு பாடசாலையில், உதவி பெறும் பிள்ளைகளின் பட்டியலை எழுதும் வேலை என்னிடம் வந்தது. தொகை வரையறுக்கப்பட்டிருந்தது, பிள்ளைகள் அதனினும் மிகுதி. தந்தையின் தொழிலைக் கேட்டு எழுதினேன். வெளுத்த சட்டையோடு தலைவாரி வந்த சிறுமியொருத்தியின் தந்தைக்குச் சொந்தத் தோணி உண்டென்று பதிவிலிருந்தது. அவள் பெயரை எழுதவில்லை. அத்தோணி விலைப்பட்டு ஓராண்டாயிற்று என்பதைப் பின்னரே அறிந்தேன். அவளைக் கேட்டபோது, ‘நான் சாப்பிட்டுத்தான் வந்த, சேர்’ என்றாள். பட்டியலில் இருந்த பிள்ளைகளும் மகிழ்ந்தாரல்லர். மணி அடித்ததும் தனியே எழுந்து செல்லுதல் அவர்க்கு நாணத்தைத் தந்தது. மூத்த வகுப்புப் பிள்ளைகள் சிலர் பசியோடிருந்தும் எழவேயில்லை. பொய்ப்பட்டியல் எழுதினேன் என்று எவரும் என்னைக் குற்றங் கூறவில்லை. பட்டியல் விதிப்படி சரியானதே.

யுத்தகாலத்திலும் அதன் பின்னரும் உலக உணவுத் திட்டத்தின் துணையோடும் அரசாங்கத்தின் செலவிலும் தெரிந்தெடுத்த பாடசாலைகளிற் சமைத்த உணவு வழங்கப்பட்டு வந்தது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி 1953 ஐ நினைவூட்டிற்று. ஆனால் இம்முறை முடிவு வேறாயிற்று. 2024 மார்ச்சு மாதத்தில், அரசாங்கப் பாடசாலைகளில் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளின் பிள்ளைகள் அனைவர்க்கும், ஏறத்தாழ 16 இலட்சம் பேருக்கு, உணவு விரிக்கப்பட்டது. நெருக்கடியின் நடுவே உணவு குறையாது கூடியது இந்நாட்டு வரலாற்றிற் புதுமை. பட்டியல் எழுதும் வேலை அவ்வகுப்புகளின் ஆசிரியர்க்கு ஒழிந்தது.

அடிப்படை மட்டும் இன்னும் உறுதிப்படவில்லை. சமைப்போர் பெரும்பாலும் அவ்வூர்த் தாய்மாரே. கடையிற் கடனுக்கு அரிசியும் பருப்பும் வாங்கி விடியுமுன் சமைத்துக் கொணர்ந்து, அதற்குரிய பணத்துக்காகக் காத்திருப்போர் அவர். மறுகரையின் அமைப்பாளர்க்குள்ள நிலையான சம்பளம் இவர்க்கில்லை. பணம் தாமதித்தால் கடைக்காரர் கடன் மறுப்பார். கடன் மறுத்தால் அன்று உணவில்லை. சமைப்போரை உத்தியோகத்தராக்காத வரையில், ஒரு வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு வரியால் இது மீண்டும் மறையக்கூடும். அதனினும் பெரிய குறையொன்றுண்டு. ஐந்தாம் வகுப்போடு உணவு முடிகின்றது. பசி அவ்வகுப்போடு முடிவதில்லை. வளர்ச்சி மிக வேண்டும் பருவம் அதன் பின்னரே வருகின்றது. பள்ளியை விட்டு வயலுக்கும் வாவிக்கும் கடைக்கும் பிள்ளைகள் செல்லத் தொடங்குவதும் அப்போதுதான்.

ஒரே வளவில் ஆரம்பப் பிரிவும் மேற்பிரிவும் உள்ள பாடசாலைகளில் இதனை நாளும் காணலாம். காலையிற் சிறியோர் தட்டுகளோடு வரிசையில் அமர்ந்திருப்பர். முருங்கையிலையும் பருப்பும் இட்ட சோற்றின் மணம் மேற்பிரிவின் சன்னல்வரை வரும். சென்ற ஆண்டுவரை அவ்வரிசையில் அமர்ந்திருந்த ஆறாம் வகுப்புப் பையன் அப்போது என் சரித்திர பாடத்தில் இருக்கின்றான். இரண்டாம் வகுப்பில் அவனுக்கு ஒரு தங்கை உண்டு. இடைவேளையில் அவள் தட்டை மூடியபடி சுவரோரமாக நடந்து வருவாள், பாதி அவனுக்கு.